ஒரே திரை, இரண்டு அமானிதங்கள்





ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் பரவிக் கிடக்கும் நமது வட்டாரத்தில் தோல் தொழில் ஆலைகளுக்குள் மட்டும் நடப்பதன்று. அதில் ஒரு பகுதி வீடுகளிலும் நடக்கிறது. முன்னர் அது கைத்தையலாகவும் எம்பிராய்டரியாகவும் இருந்தது. இன்று அதனுடன் கணினி வேலையும் சேர்ந்திருக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றன. அலுவலகங்கள் மூன்றாயின; தொழில் ஒன்றாகவே இருக்கிறது. ஒருவரின் கணக்கும் மற்றவரின் வேலையும் ஏதோ ஓரிடத்தில் சந்தித்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமான தொழில் இது. அந்த நெருக்கத்தில் அமானிதத்தைக் காப்பது எப்படி என்பதை, எங்கள் மேசைமீதுள்ள ஒரு சிறு பெட்டியைக் கொண்டு எழுத விரும்புகிறோம்.

நாங்கள் கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறோம். எங்களில் கணவர் காலணியின் மேற்பகுதிக்கு, அதாவது தொழிலில் 'அப்பர்' என்று வழங்கப்படுவதற்கு, கணினியில் பேட்டர்ன் வரைபவர். மனைவி சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுபவர். ஒரே அறை, ஒரே மேசை. அறையின் மறுபாதியில் பிள்ளைகளின் புத்தக அலமாரியும் மாமியின் தொழுகை விரிப்பும் உள்ளன.

இரண்டு வேலை, இரண்டு கணினி

பேட்டர்ன் வேலை என்பது அளவின் வேலை. முதலில் ஓர் அடிப்படை அளவுக்கு வரைந்து, பின்னர் பிற அளவுகளுக்குக் கூட்டியும் குறைத்தும் தர வேண்டும். இதனைக் கிரேடிங் என்பர். ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் உள்ள வேறுபாடு, ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. ஆங்கில அளவில் அது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்த நுண்ணிய இடைவெளிக்குள் முன்பகுதி, பக்கப்பகுதி, நாக்கு, உள்துணி ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு கோடு பிசகினால் கட்டிங்கில் சதுர அடிக் கணக்கில் தோல் வீணாகும். ஆகவே பெரிய, தெளிவான திரை இதற்குத் தேவை.

கணக்கு வேலை நாளின் வேலை. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கட்டுவோருக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் மாத ரிட்டர்ன். இவற்றுக்கிடையே 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகைகள். இவற்றோடு, தோல் எந்த யூனிட்டுக்குப் போய் எத்தனை ஜோடியாகத் திரும்பி வந்தது என்ற டெலிவரி செலான்களும் சேரும். தையல் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் ஒரு சகோதரியின் வாரக் கூலி முதல், ஒரு ஜோடிக்கு அந்த யூனிட் என்ன விலைக்கு ஒப்புக்கொண்டது என்பது வரை எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும்.

இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொண்டால் என்ன என்று உறவினர் பலர் கேட்டனர். அதற்கு இரண்டு தடைகள் இருந்தன.

முதல் தடை தொழில்நுட்பம் சார்ந்தது. எங்களிடம் உள்ள பேட்டர்ன் மென்பொருள் பழையது. கணினியின் பின்புறம் பிரிண்டர் செருகும் அகன்ற வாயிலில் ஒரு டாங்கிள் பொருத்தினால்தான் அது திறக்கும். அது ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பியில். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. 2017 மே மாதம் வானாக்ரை என்னும் நச்சு மென்பொருள் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அத்தகைய பழைய கணினியை இணையத்தில் இணைப்பது, கதவில்லாத வீட்டைத் தெருவில் விட்டு வருவதற்குச் சமம். கணக்குக் கணினிக்கோ இணையம் இன்றி ஒரு நாளும் ஓடாது.

இரண்டாம் தடையே எங்களுக்குப் பெரியது. கணவருக்குப் பேட்டர்ன் வேலை தருவோரும், மனைவியிடம் கணக்கு ஒப்படைத்தோரும் ஒரே சந்தையில் போட்டியிடுவோர். ஒருவரின் விலை மற்றவருக்குத் தெரிந்தால் அடுத்த ஆர்டர் கைமாறிவிடும். அது எங்கள் வீட்டின் வழியாகத் தெரிந்தால், தையலில் அமர்ந்திருக்கும் எத்தனையோ குடும்பங்களின் வாரக் கூலி அதில் அடிபடும். ஆகவே கணினிகள் இரண்டாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஆனால் மேசை ஒன்றுதான். இரண்டு திரைகளுக்கு அதில் இடமுமில்லை. நல்ல திரை இரண்டு வாங்கும் வசதியும் அப்போது இல்லை.

பெட்டி செய்யும் வேலை

இந்நிலையில்தான் கே.வி.எம். ஸ்விட்ச் என்ற கருவியை வாங்கினோம். விசைப்பலகை, திரை, மவுஸ் ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அப்பெயர். உள்ளங்கை அளவுள்ள பெட்டி. ஒருபுறம் திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றின் வயர்கள் செருகப்படும். மறுபுறமிருந்து இரண்டு கணினிகளுக்கும் வயர்கள் செல்லும். மேலே ஒரு பொத்தான். அழுத்தினால் 1 என்ற விளக்கு அணைந்து 2 எரியும். கணக்குத் தாள் மறைந்து பேட்டர்ன் கோடுகள் தோன்றும். மறைந்த கணினி நின்றுபோவதில்லை. தன் வேலையைத் தானே தொடர்ந்துகொண்டிருக்கும்.

இத்தகைய தேவை உள்ள வாசகர்களுக்காக, நாங்கள் அறிந்த சில விவரங்களைச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு வாயில்கள் உள்ள திரையை வாங்கி, விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் மட்டும் ஒரு யு.எஸ்.பி. ஸ்விட்ச் வைப்பது மற்றொரு வழி. செலவு குறைவு. ஆனால் திரையைத் தனியாகவும் விசைப்பலகையைத் தனியாகவும் மாற்ற வேண்டும். திரை ஒரு கணினியிலும் விசைப்பலகை மற்றொன்றிலும் இருக்கும் நிலையில் தட்டச்சு செய்தால், கண்ணுக்குத் தெரியாத கணினியில் எழுத்துகள் போய் விழும். கணக்கு எழுதும் வீட்டிற்கு அது ஆகாது. மூன்றும் ஒருசேர மாறும் பெட்டியை நாங்கள் தேர்ந்தது இதனாலேயே.

பழைய கணினியில் எச்.டி.எம்.ஐ. வாயில் இராது. டி.வி.ஐ. வாயில் இருந்தால், அதிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் சாதாரணக் கேபிளே போதும். நீலநிற வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால் தனி மாற்றி வேண்டும்.

திரை தன் அளவையும் தெளிவையும் கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், இதற்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். மலிவான பெட்டிகளில் பொத்தானை மாற்றியவுடன் இந்தத் தொடர்பு அறுந்துவிடும். திரை பிடுங்கப்பட்டுவிட்டது என்று கணினி எண்ணிக்கொண்டு, திறந்திருக்கும் ஜன்னல்களை இடம் மாற்றி, அளவையும் குறைத்துவிடும். இ.டி.ஐ.டி.யைத் தக்கவைக்கும் பெட்டியா என்று கடையில் கேட்டு வாங்குவது நலம்.

பொத்தான் இரண்டாம் கணினியில் இருக்கும்போது முதல் கணினியை இயக்கினால், அது விசைப்பலகையைக் காணாமல் நின்றுவிடுவதுண்டு. பழைய கணினிகள் 'விசைப்பலகை இல்லை' என்று அறிவித்துவிட்டு, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்தச் சொல்லும். இல்லாத விசைப்பலகையில் எஃப்1 எங்கே என்று எங்கள் மூத்த மகன் கேட்டுச் சிரித்தான். பயாஸ் அமைப்பில் விசைப்பலகைப் பிழைக்காக நிற்க வேண்டாம் என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இரண்டு கணினிகளையும் வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து, மென்பொருள் மூலமாகவே ஒரே விசைப்பலகையையும் மவுஸையும் பகிரும் வழியும் உண்டு. சினர்ஜி, மைக்ரோசாஃப்டின் மவுஸ் விதவுட் பார்டர்ஸ் ஆகியவை அத்தகையவை. ஆனால் அவற்றுக்குக் கணினிக்கு ஒரு திரை வேண்டும். மேலும், ஒரு கணினியில் காப்பி செய்ததை மறு கணினியில் ஒட்டும் வசதியும் அவற்றில் உண்டு. பலருக்கு அது நன்மை. எங்களுக்கோ அதுவே வேண்டாத வசதி.

பாத்திரமும் அதில் சமைப்பதும்

நமது ஊரில் பெரிய தேக்சா எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை. நிக்காஹ், அகீகா, வலீமா என்று வந்தால், இருப்பவர் வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வருவோம். அதில் ஒரு வீட்டார் பிரியாணி சமைப்பர். மறுவாரம் மற்றொரு வீட்டார் சமைப்பர். தேக்சா பொது. அரிசியும் இறைச்சியும் அவரவருடையவை. கழுவித் திருப்பித் தரும்போது முன் வீட்டாரின் ஒரு பருக்கையும் அதில் இராது.

திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயத்திற்கு அல்மாஊன் என்று பெயர். புழங்கும் சிறு பொருள்களைக்கூடப் பிறருக்குத் தராமல் தடுப்போரை அது கண்டிக்கிறது. மாஊன் என்பதற்குப் பானை, வாளி, கோடரி போன்ற வீட்டுப் பொருள்கள் என்று இப்னு மஸ்வூத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்ததாக விரிவுரைகளில் காண்கிறோம். கருவியைப் பகிர்வது நமது மார்க்கத்தில் வெறும் சிக்கனமன்று. அது தொழுகையைப் பற்றிப் பேசும் அதே சிறிய அத்தியாயத்தில் சொல்லப்படும் கடமையுணர்வு.

அதே குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 58ஆம் வசனம், அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைத்துவிடுமாறு கட்டளையிடுகிறது. கருவியைத் தாராளமாகப் பகிர வேண்டும்; ஒப்படைக்கப்பட்டதை இறுக்கமாகக் காக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையாக முதலில் தோன்றலாம். பெட்டியின் உள்ளமைப்பைப் பார்த்தபோது எங்களுக்கு அது தெளிந்தது. விரலின் அசைவும் கண்ணுக்கான காட்சியும் மட்டுமே அதன் வழியே செல்கின்றன. வட்டில் உள்ள கோப்பு அதன் வழியே செல்வதில்லை. பகிர்வது வேறு, கலப்பது வேறு.

கலந்துவிட்டால் என்னவாகும் என்பதை நமது பாலாற்றங்கரை மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. தோல் ஆலைக் கழிவுநீர் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை நமது நாட்டின் சட்டத்தில் நிலைபெற்றதில் அத்தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்தபின், இந்தத் துளி இந்த ஆலையுடையது என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. கணக்கிலும் அப்படியே. ஒருவரின் விலை மற்றவரின் காதில் விழுந்துவிட்டால் அதனைத் திரும்ப எடுக்க இயலாது; எவர் வழியாகப் போயிற்று என்றும் தெரியாது.

கேட்கப்பட்ட ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், பேட்டர்ன் வேலை தந்துகொண்டிருந்த ஒருவர் அஸருக்குப் பின் வீட்டிற்கு வந்தார். நல்ல மனிதர். பாக்கி வைக்காதவர். தேநீர் அருந்திவிட்டு மேசையைப் பார்த்தவர், மெதுவாகக் கேட்டார்: "பாய், அவங்க கணக்கும் இங்கதானே இருக்கு? ஒரு ஜோடிக்கு அவங்களுக்கு என்ன ரேட்டு போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. பேரு வெளியே வராது."

அவர் கேட்டது ஓர் எண் மட்டுமே. அந்நேரம் அந்தக் கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரைக்கும் அந்த எண்ணுக்கும் இடையே இருந்தவை ஒரு பொத்தானும் ஒரு கடவுச்சொல்லும். பொத்தான் கணவரின் கைக்கு எட்டும் தூரம். கடவுச்சொல் மனைவிக்கு மட்டும் தெரியும். கணவர் அதனைக் கேட்டதுமில்லை. அச்சமயம் மனைவி உள்ளே ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு அவர் காதில் விழுந்தது.

"அது எங்களோடது இல்லைங்க, பாய். அமானிதம். உங்க ஸ்டைலை யாராவது வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லுவோம்."

அவர் கோபிக்கவில்லை. ஸலாம் சொல்லிச் சென்றார். ஆனால் அடுத்த பருவத்திற்கான பேட்டர்ன்கள் எங்களுக்கு வரவில்லை. மூன்று மாதம் கணக்கு வேலையின் வருமானத்தில் மட்டும் வீடு நடந்தது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கு மாமி தம் வளையலைக் கழற்றித் தந்தார். அது அடகிலிருந்து திரும்ப மேலும் சில மாதங்கள் ஆயின. அந்த யூனிட்டின் உரிமையாளருக்கு இச்செய்தி இன்றுவரை தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

பொறுமைக்குக் கைமேல் பலன் கிடைத்தது என்று எழுதி இதனை முடிக்க எங்களால் இயலாது. அவர் மீண்டும் வேலை தரவில்லை. வேறு இடங்களிலிருந்து சிறிது சிறிதாக வேலை வந்தது. அல்ஹம்துலில்லாஹ். அந்த மூன்று மாதங்களில் மேசையில் அமரும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

எங்களுக்குள் சில ஒழுங்குகள்

கணவன் மனைவிக்குள் என்ன ஒளிவு மறைவு என்று கேட்போர் உண்டு. எங்கள் சொந்த விஷயத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணினிகளில் இருப்பவை எங்களுடையவை அல்ல. பிறர் வீட்டிற்குள் அனுமதி பெறாமல் நுழைய வேண்டாம் என்று 24ஆம் அத்தியாயம் 27ஆம் வசனம் கற்பிக்கிறது. அனுமதி கேட்கும் முறை விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் சொல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. கதவைத் தாண்டுவது கால் மட்டுமன்று, கண்ணும்தான். பிறர் கணக்கு திறந்திருக்கும் திரையும் ஒரு வீட்டின் வாசலைப் போன்றதே.

ஆகவே சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். எழுந்து செல்பவர் தம் கணினியைப் பூட்டிவிட்டே எழுவார். அமர்ந்திருப்பவர் இருக்கும்போது மற்றவர் பொத்தானை அழுத்தமாட்டார். கேட்டு, அவர் பூட்டியபின் அவர் கையாலேயே அழுத்தச் செய்வார். சில பெட்டிகளில் ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டினாலும் கணினி மாறிவிடும். பிள்ளைகள் தற்செயலாகத் தட்டிவிடாதிருக்க அதனை நிறுத்தி வைத்திருக்கிறோம். பெட்டியில் கூடுதலாக உள்ள யு.எஸ்.பி. வாயிலில் பென் டிரைவ் எதையும் செருகுவதில்லை. பொத்தானை மாற்றினால் அந்தப் பென் டிரைவும் மறு கணினிக்குச் சென்றுவிடும். கோப்பு கலக்காது என்று மேலே சொன்னதற்கு உள்ள ஒரே விலக்கு இதுதான். நச்சு மென்பொருளுக்கும் அதுவே வழி.

நேரத்தையும் பிரித்துக்கொண்டோம். ஃபஜ்ருக்குப் பின் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும்வரை மேசை மனைவிக்கு. அதன்பின் லுஹர்வரை கணவருக்கு. 10ஆம் தேதி முதல் 20ஆம் தேதிவரை மனைவிக்கு முன்னுரிமை. மஃரிபுக்குப் பின் திரை எவருக்கும் இல்லை. பிள்ளைகள் ஓதும் நேரம் அது. இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய இயலாதது இந்த ஏற்பாட்டின் குறை. அதே குறையால், ஒருவர் அமர்ந்திருக்கும்போது மற்றவருக்கு வீட்டையும் பிள்ளைகளையும் மாமியையும் கவனிக்கும் நேரம் கிடைக்கிறது.

இந்தப் பெட்டி எவரையும் நேர்மையாளராக்குவதில்லை. மனம் வைத்தால் திரையைக் கைப்பேசியில் படமெடுக்கலாம். ஓர் எண்ணை மனனம் செய்யலாம். அது ஒரு சுவரை மட்டும் எழுப்பித் தருகிறது, காவல் அமர்ந்திருப்பவருடையது. ஆயினும் சுவர் இருப்பது நல்லது. தவறு நிகழ ஓர் அடியேனும் கூடுதலாக எடுத்துவைக்க வேண்டியிருந்தால், அந்த ஓர் அடியில் அல்லாஹ்வின் நினைவு வர இடமிருக்கிறது.

நமது ஜமாஅத் அலுவலகங்கள் பலவற்றிலும் இன்று ஒரு கணினி இருக்கிறது. ஜகாத் பெறுவோர் பட்டியல், நிக்காஹ் பதிவேடு, தலாக், குலா தொடர்பான முறையீடுகள், ரமழான் கஞ்சிச் செலவு ஆகிய அனைத்தும் ஒரே கணினியில், பல இடங்களில் ஒரே கடவுச்சொல்லில். தம் பெயர் அப்பட்டியலில் இருப்பது அண்டை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்களை நாம் அறிவோம். திரையையும் மேசையையும் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை. அந்தப் பட்டியலுக்கு மட்டும் இணையமில்லாத ஒரு பழைய கணினியும், அதற்கென ஒரு பொறுப்பாளரும், இடையே இப்படி ஒரு சிறு பெட்டியும் இருக்குமானால், அக்குடும்பங்களின் மானம் காக்கப்படும். முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

கொடுப்பதில் தாராளத்தையும் காப்பதில் உறுதியையும் நம் அனைவருக்கும் அல்லாஹ் வழங்குவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவர்களிடம் குறைவின்றிச் சேர்ப்பிக்கும் நற்பேற்றைத் தந்தருள்வானாக! ஆமீன்.